இரு மடங்கு வினையூக்கி, இரு மடங்கு வேகமா?

பள்ளி வேதியியலில் வினையூக்கியைப் பற்றி இரண்டு வாக்கியங்கள் பக்கத்துப் பக்கத்திலேயே வரும். வினையூக்கி வினையில் செலவாவதில்லை என்பது ஒன்று. சிறிதளவு இருந்தாலே போதும் என்பது மற்றொன்று. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் மாணவர், செலவாகாத பொருள் எவ்வளவு இருந்தால் என்ன என்று நினைப்பது இயல்பு. அதே மாணவர் செய்முறை வகுப்பில் ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு சிட்டிகை மாங்கனீசு டை ஆக்சைடு போட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த குடுவையில் ஒரு கரண்டி போட்டால் நேர் எதிரான முடிவுக்கு வருவார்: கூடப் போட்டால் கூடப் பொங்கும்.

இரண்டுமே அரைகுறை. வினையூக்கியின் அளவு வேகத்தை மாற்றத்தான் செய்கிறது. ஆனால் தராசு காட்டும் அளவு வேறு, வினையில் உள்ளபடியே வேலை செய்யும் அளவு வேறு. சில வினைகளில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். சிலவற்றில் நூறு மடங்கு விலகி நிற்கும். அளவைப் பற்றிய விடைகள் ஆளுக்கொன்றாக இருப்பதற்குப் பெரும்பாலும் இந்த விலகல்தான் காரணம்.

இதைச் சோதித்துப் பார்க்கப் பெராக்சைடின் சிதைவைப் போல வசதியான வினை கிடையாது. 1818-இல் பிரெஞ்சு வேதியியலாளர் தெனார், பேரியம் பெராக்சைடை அமிலத்தோடு சேர்த்து ஹைட்ரஜன் பெராக்சைடைக் கண்டெடுத்தார். பிளாட்டினம், வெள்ளி, தங்கம், மாங்கனீசு டை ஆக்சைடு, ஏன், இரத்தத்திலிருந்து பிரித்த ஃபைப்ரின் பட்டால்கூட அது நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடுவதை அவரே கவனித்தார். 1835-இல் பெர்சீலியஸ் வினையூக்கம் என்ற கருத்துக்குப் பெயர் சூட்டியபோது தெனாரின் கவனிப்புகள் அவர் காட்டிய சான்றுகளில் இருந்தன. ஆனால் பெர்சீலியஸ் அதை ஒரு தனி விசை போலத்தான் பேசினார். எவ்வளவு போட்டால் எவ்வளவு வேகம் என்ற கணக்கு அங்கே இல்லை. வினையூக்கியை வேகத்தின் மூலமே வரையறுத்து, அளந்து பார்க்கும் பழக்கத்தை இத்துறைக்குள் கொண்டுவந்தவர் வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட். 1909-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

வேகத்துக்குள் போவதற்கு முன், அளவு எதை மாற்றாது என்பதைச் சொல்லிவிடலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீதப் பெராக்சைடு, தன் கொள்ளளவைப் போல ஏறத்தாழ 10 மடங்கு ஆக்சிஜனைத் தரும். 50 மி.லி. எடுத்தால் சுமார் அரை லிட்டர். வினையூக்கியை ஒரு சிட்டிகை போட்டாலும் கைப்பிடி போட்டாலும் கடைசியில் வரும் வாயு அதே அரை லிட்டர்தான். வரைபடத்தில் எல்லாக் கோடுகளும் ஒரே உயரத்தில் போய்ப் படுத்துவிடும். ஏற்றத்தின் செங்குத்து மட்டும் மாறும். அறிவியல் கண்காட்சிகளில் சோப்பு கலந்து செய்யும் ‘யானைப் பற்பசை’யில் நுரை எழும் உயரத்தை வேகத்தின் அளவாகக் குறித்துக்கொள்கிறார்கள். வேடிக்கைக்கு அது சரி, அளவீட்டுக்கு உதவாது. நுரையின் உயரம் சோப்பையும் குடுவையின் வாயையும் பொறுத்தது.

இனி வேகம். அளவும் வேகமும் சுத்தமாக ஒன்றோடொன்று ஒட்டிப்போகும் நிலைமையைப் பார்க்க, பெராக்சைடில் பொட்டாசியம் அயோடைடைக் கரைக்க வேண்டும். வினையூக்கியும் வினைபொருளும் ஒரே கரைசலில் இருப்பதால் ஒளிந்துகொள்ள இடமில்லை. முதல் படியில் ஒரு பெராக்சைடு மூலக்கூறு அயோடைடு அயனியைத் தாக்கி அதை ஹைப்போஅயோடைட்டாக மாற்றுகிறது. இது மெதுவான படி. அடுத்து இன்னொரு பெராக்சைடு மூலக்கூறு அந்த ஹைப்போஅயோடைட்டோடு வினைபுரிந்து ஆக்சிஜனை விடுவிக்கிறது. அயோடைடு பழையபடி திரும்பிவிடுகிறது. இது விரைவான படி. அயோடைடு செலவாகவில்லை என்பது கடைசிக் கணக்கில் உண்மை. ஆனால் மெதுவான படியில் அதுவும் ஒரு பங்காளி. எனவே வேகச் சமன்பாட்டில் பெராக்சைடின் செறிவுக்குப் பக்கத்திலேயே அயோடைடின் செறிவும் வந்து உட்காருகிறது. 1904-இல் வால்ட்டன் வெளியிட்ட அளவீடுகள் இதைக் காட்டின. வேகம் இரண்டின் செறிவுக்கும் நேர்விகிதத்தில் இருந்தது.

எண்களில் சொன்னால் இன்னும் தெளிவு. நடுநிலைக் கரைசலில், 25 டிகிரியில், லிட்டருக்கு 0.01 மோல் அயோடைடு, அதாவது 1.66 கிராம் பொட்டாசியம் அயோடைடு இருந்தால் பெராக்சைடின் அரை வாழ்காலம் ஏறத்தாழ 50 நிமிடம். அயோடைடை இரட்டித்தால் 25 நிமிடம். பத்து மடங்காக்கினால் 5 நிமிடம். 50 மி.லி. கரைசலிலிருந்து தொடக்கத்தில் வரும் ஆக்சிஜன், முதல் நிலையில் நிமிடத்துக்கு 7 மி.லி. அளவில் இருந்தது, பத்து மடங்கு அயோடைடில் 70 மி.லி.யைத் தாண்டும். ஒவ்வொரு ஓட்டத்தையும் தனித்தனியே பார்த்தால் இது முதல் வகை வினை. அயோடைடின் அளவு வேக மாறிலிக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. அளவை மாற்றி மாற்றிச் செய்தால்தான் அது வெளியே தெரியும்.

இவ்வளவு ஒழுங்கான வினையிலும், செய்து பார்ப்பவர்களுக்கு நேர்கோடு கிடைப்பது அரிது. கோடு மேல்நோக்கி வளையும். இரண்டு மடங்கு போட்டால் இரண்டுக்கு மேல், நான்கு மடங்கு போட்டால் ஆறு ஏழு என்று வரும். இதைப் பார்த்துவிட்டு வினையூக்கியைப் பொறுத்த வினையின் வகை ஒன்றுக்கு மேல் என்று எழுதிவிடுவார்கள். உண்மையான குற்றவாளி வெப்பம்.

பெராக்சைடு சிதையும்போது ஒரு மோலுக்கு ஏறத்தாழ 98 கிலோஜூல் வெப்பம் வெளிவருகிறது. 3 சதவீதக் கரைசலில் லிட்டருக்கு 0.88 மோல் இருக்கும். அத்தனையும் சிதைந்து, வெப்பம் எதுவும் வெளியேறாமல் இருந்தால் கரைசலின் வெப்பநிலை சுமார் 20 டிகிரி ஏறும். அயோடைடு வழியில் கிளர்வு ஆற்றல் 56 கிலோஜூல் அளவில் இருப்பதால், அறை வெப்பநிலையையொட்டி ஒவ்வொரு 10 டிகிரிக்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கிறது. 50 நிமிட அரை வாழ்காலம் உள்ள ஓட்டத்தில் வெப்பம் கண்ணாடி வழியே வெளியேற நேரம் கிடைக்கும். கரைசல் பெரிதாகச் சூடேறாது. 5 நிமிட ஓட்டத்தில் அந்த அவகாசம் இல்லை. பாதி சிதைவதற்குள் 10 டிகிரி ஏறப் பார்க்கும், அதற்குள் வேக மாறிலியும் இரண்டு மடங்கை நெருங்கிவிடும். ஆக, வினையூக்கி கூடிய ஓட்டம் வினையூக்கியால் மட்டும் வேகமாகவில்லை. அது வேகமானதாலேயே சூடாகி, சூடானதால் மேலும் வேகமானது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதினால் நேர்கோடு வளையாமல் என்ன செய்யும்?

தீர்வு தெரிந்ததுதான். கரைசலை நீர்த்துப்போகச் செய்ய வேண்டும், குடுவையை நீர்த்தொட்டியில் வைத்து ஓயாமல் கலக்க வேண்டும், தொடக்க வேகத்தை மட்டும் எடுக்க வேண்டும். கலக்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிறக்கும் ஆக்சிஜன் உடனே குமிழியாவதில்லை. முதலில் நீரில் கரைகிறது, கரையக்கூடிய அளவையும் மீறிக் கொஞ்ச நேரம் உள்ளேயே தங்குகிறது. மெதுவான ஓட்டங்களில் இந்தத் தாமதம் பெரிதாகத் தெரியும், அவற்றின் வேகத்தை இன்னும் குறைத்துக் காட்டும். அதோடு, அயோடைடுக் கரைசலை 5 மி.லி. ஊற்றிய குடுவையையும் 20 மி.லி. ஊற்றிய குடுவையையும் ஒப்பிடுகிறவர்கள், முதலாவதில் 15 மி.லி. நீர் சேர்க்க மறந்துவிடுவதுண்டு. பெராக்சைடின் செறிவும் சேர்ந்து மாறிவிட்ட பிறகு எதை ஒப்பிடுவது?

எல்லாக் கரைசல்களிலும் இரட்டித்தால் இரட்டிக்கும் என்று நினைத்துவிடவும் கூடாது. அயோடைடுக்குப் பதில் ஹைட்ரோபுரோமிக் அமிலம் சேர்த்தால் நிலைமை மாறும். பிரேயும் லிவிங்ஸ்டனும் 1923-இல் காட்டியபடி, அங்கே வேகம் புரோமைடு அயனியின் செறிவையும் ஹைட்ரஜன் அயனியின் செறிவையும் தனித்தனியே பொறுத்தது. அமிலத்தை இரட்டிப்பாக்கினால் இரண்டும் இரட்டிக்கும்; வேகம் நான்கு மடங்காகும். இங்கே வளைவு வெப்பத்தின் வேலை அல்ல, வினைவழியின் இயல்பு. இதே பிரே 1921-இல் அயோடேட்டைச் சேர்த்துப் பார்த்தபோது ஆக்சிஜன் சீராக வராமல் விட்டுவிட்டு அலை அலையாக வந்ததைப் பதிவு செய்தார். கரைசலில் நிகழும் அலைவு வினைகளில் முதலில் பதிவானது அதுதான். தூசியோ அழுக்கோ செய்த வேலை என்று பல ஆண்டுகள் பலர் அதை நம்பவில்லை. அந்த வினையில் வினையூக்கியின் ‘அளவு’ என்று எதைச் சொல்வது என்பதே கேள்வி. ஏனென்றால் அயோடின் சேர்மங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறிக்கொண்டே இருக்கின்றன.

திடப் பொருளுக்கு வந்தால் தராசு உடனே நம்மைக் கைவிடும். மாங்கனீசு டை ஆக்சைடில் வினை நடப்பது மேற்பரப்பில் மட்டும். உள்ளே புதைந்த அணுக்களுக்கு வேலையே இல்லை. கணக்குக்காக ஒரு கிராம் பொருளை 1 மி.மீ. பக்கமுள்ள கனசதுரங்களாக வைத்துக்கொள்வோம். அடர்த்தி 5 என்றால் 200 துண்டுகள், மொத்தப் பரப்பு 12 சதுர செ.மீ. அதையே 0.01 மி.மீ. துகள்களாக அரைத்தால் பரப்பு 1,200 சதுர செ.மீ. எடை மாறவில்லை, வேலை செய்யும் அளவு நூறு மடங்கு. அரைத்த பொடியில் ஒரு கிராமும் குறுணையில் நூறு கிராமும் பரப்புக் கணக்கில் சமம். நுண்துளைகள் உள்ள பொருளில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. எனவே திட வினையூக்கியை ‘இத்தனை கிராம்’ என்று மட்டும் குறித்து, துகளின் அளவைச் சொல்லாமல் விடும் செய்முறைக் குறிப்பு எனக்குப் பாதிக் குறிப்பாகவே படுகிறது.

ஒரே பொடியை எடுத்து அளவை மட்டும் கூட்டினால்? தொடக்கத்தில் நேர்விகிதம் வரும். பிறகு வேகம் கூடுவது மந்தமாகும். குடுவையை உற்றுப் பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரியும். பொடி அடியில் படிந்து மேடாகிறது. மேலடுக்கு மட்டும் கரைசலைத் தொடுகிறது. குமிழிகள் துகள்களைச் சூழ்ந்து சிலவற்றைத் தூக்கிக்கொண்டு மேலே போகின்றன, மேற்பரப்பில் உடைந்ததும் துகள்கள் மறுபடி இறங்குகின்றன. குமிழி ஒட்டியிருக்கும் நேரம் முழுக்க அந்தப் பரப்பு கரைசலைத் தொடாத பரப்பு. போதாக்குறைக்கு, வேகமான வினையில் பரப்பையொட்டிய மெல்லிய படலத்தில் பெராக்சைடு தீர்ந்துபோய், தூரத்திலிருந்து புதிதாக வந்து சேர வேண்டியிருக்கிறது. அப்போது வேகத்தைத் தீர்மானிப்பது வேதியியல் இல்லை, விரவல். அதே குடுவையைக் காந்தக் கலக்கியில் வைத்தால் வேகம் எகிறும். வினையூக்கி ஒரு மில்லிகிராம்கூடக் கூடியிருக்காது. இடையில் ஒரு எச்சரிக்கை: அமிலக் கரைசலில் மாங்கனீசு டை ஆக்சைடைப் பெராக்சைடே ஒடுக்கிக் கரைத்துவிடும். செலவாகாத பொருள் என்ற வரையறை அங்கே பொய்த்துப்போகும்.

மேற்பரப்பை எவ்வளவு தூரம் விரிக்கலாம் என்பதற்கு நல்ல சான்று கெயார்க் பிரெடிக். ஓஸ்ட்வால்டின் லைப்சிக் ஆய்வகத்தில் இருந்த அவர், நீருக்கடியில் மின்வில்லை உண்டாக்கிப் பிளாட்டினத்தைக் கூழ்மமாக்கினார். 1899-இல் வெளியான ஆய்வின்படி, ஒரு கிராம் அணு பிளாட்டினத்தை, அதாவது சுமார் 195 கிராமை, 7 கோடி லிட்டர் நீரில் பரப்பினாலும் பெராக்சைடைச் சிதைக்கும் திறன் தெரிந்தது. ‘சிறிதளவே போதும்’ என்ற பாடப்புத்தக வாக்கியத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். அதே ஆய்வில் மறுபக்கமும் உண்டு. மிகச் சிறிதளவு ஹைட்ரஜன் சயனைடு அந்தத் திறனை முடக்கியது. பிளாட்டினத்தின் எடை குறையவில்லை. கிளர்வு மையங்களில் சயனைடு போய் உட்கார்ந்துகொண்டது. நொதிகளும் சயனைடால் இப்படியே முடங்குவதைக் கண்டு பிரெடிக் தன் கூழ்மங்களைக் கனிம நொதிகள் என்றார்.

பெராக்சைடை விட்டு ஒரு கணம் விலகினால், அளவே எல்லாமாகிவிடும் ஒரு நிலைமையும் இருக்கிறது. சூடான டங்ஸ்டன் கம்பியில் அமோனியா நைட்ரஜனாகவும் ஹைட்ரஜனாகவும் சிதைவதை ஹின்ஷெல்வுட்டும் பர்க்கும் 1925-இல் அளந்தபோது, பரந்த அழுத்த எல்லைக்குள் அது பூஜ்ய வகை வினையாக நடந்தது. கம்பியின் பரப்பு முழுவதையும் அமோனியா அடைத்துவிட்டது. வாயுவை மேலும் நிரப்பிப் பயனில்லை. ரேஷன் கடையில் வரிசை தெருவரை நீண்டுவிட்டால், இன்னும் நூறு பேர் வந்து நிற்பதால் அரிசி வேகமாக அளக்கப்படாது. இன்னொரு தராசு வந்தால்தான் வேகம் கூடும். வரிசையே இல்லாத கடையில் பத்துத் தராசு வைத்தாலும் ஒன்றுதான்.

நொதி வரைபடங்களில் நடக்கும் ஒரு குழப்பத்தைத் தீர்க்க இந்த வேறுபாடு உதவும். பெராக்சைடின் செறிவைக் கூட்டும்போது வேகம் ஓர் உச்சத்தில் நிற்பதற்குத்தான் நிறைவுறல் என்று பெயர். நொதியின் அளவைக் கூட்டும்போது வரைபடம் படுத்துக்கொண்டால் அதற்கும் ‘நொதி நிறைவுற்றது’ என்றே எழுதுகிறார்கள். நொதி கூடக் கூட நிறைவுறல் தளரத்தான் செய்யும். அங்கே கோடு படுப்பதற்குப் பெராக்சைடு சீக்கிரம் தீர்ந்துபோவது ஒரு காரணம். அளக்கும் முறையே மற்றொரு காரணமாக இருக்கலாம். கேட்டலேஸ் நொதியில் நனைத்த வடிதாள் வில்லையைப் பெராக்சைடில் போட்டு, அது மூழ்கிக் குமிழிகளின் பலத்தில் மேலே வர எடுக்கும் நேரத்தைக் குறிப்பது பள்ளிகளில் பழக்கமான சோதனை. நொதிக் கரைசல் அடர்த்தியாக இருந்தால் அந்த நேரம் சில நொடிகளாகச் சுருங்கிவிடும். வில்லை கீழே இறங்க எடுக்கும் நேரத்தை எவ்வளவு நொதி போட்டும் குறைக்க முடியாது. வரைபடம் படுத்தது நொதியால் இல்லை, கடிகாரத்தால். உருளைக்கிழங்குத் துண்டுகளை வைத்துச் செய்தாலும் பரப்புக் கதைதான்: 1 செ.மீ. கனசதுரம் ஒன்றை எட்டாக வெட்டினால் பரப்பு 6-லிருந்து 12 சதுர செ.மீ. ஆகும், வெட்டுப்பட்ட செல்களும் இரு மடங்காகும்.

கேட்டலேஸின் வேகம் மலைக்க வைப்பது. ஒரு மூலக்கூறு நொடிக்குக் கோடிக்கணக்கான பெராக்சைடு மூலக்கூறுகளைப் பிரிக்கவல்லது. 1937-இல் சம்னரும் டவுன்ஸும் மாட்டு ஈரலிலிருந்து இதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். பெராக்சைடு மிக அடர்த்தியாக இருந்தால் நொதியே கெட்டுவிடும் என்பதால் போட்ட அளவு ஓட்டத்தின் நடுவிலேயே குறைந்துகொண்டு போகும். காயத்தில் பெராக்சைடு ஊற்றினால் நுரைப்பது இந்த நொதியால்தான். ஜப்பானிய மருத்துவர் தக்கஹாரா, ஒரு சிறுமிக்கு வாயில் அறுவை செய்த இடத்தில் பெராக்சைடு ஊற்றியபோது நுரையே எழவில்லை; இரத்தம் பழுப்புக் கறுப்பாக மாறியது. சிதையாமல் நின்ற பெராக்சைடு ஹீமோகுளோபினைத் தாக்கியிருந்தது. 1948 முதல் அவர் வெளியிட்ட ஆய்வுகளால், இரத்தத்தில் கேட்டலேஸே இல்லாத இந்தப் பரம்பரைக் குறை வெளியுலகுக்குத் தெரிந்தது. குறையுள்ள மரபணு ஒன்று மட்டும் உள்ள உறவினர்களின் இரத்தத்தில் நொதியின் செயல்திறன் இடைநிலையில் இருந்தது. அவர்களுக்குத் தொந்தரவு எதுவும் தெரியவில்லை. இயல்பான இரத்தத்தில் தேவைக்கு மேல் அவ்வளவு கையிருப்பு இருக்கிறது.

பொறியியலில் கேள்வி திரும்பிக்கொள்கிறது: வேகம் எவ்வளவு என்பதை விட்டு, முழுச் சிதைவுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு வினையூக்கி வேண்டும் என்று கேட்கிறார்கள். ஜெர்மனியின் வி-2 ஏவுகணையில் எரிபொருள் பம்புகளைச் சுழற்றிய நீராவி, 80 சதவீதப் பெராக்சைடில் பெர்மாங்கனேட் கரைசலைக் கலந்ததால் பிறந்தது. அங்கே வினையூக்கியையும் ஒரு தொட்டியில் சுமந்துகொண்டு போக வேண்டும். 1971 அக்டோபர் 28-இல் பிராஸ்பரோ செயற்கைக்கோளை ஏற்றிச் சென்ற பிரிட்டனின் பிளாக் ஏரோவில் வெள்ளி பூசிய நிக்கல் வலைகளை அடுக்கி, அவற்றின் வழியே பெராக்சைடைச் செலுத்தினார்கள். வலைகள் குறைந்தால் சிதையாத திரவம் மறுபக்கம் போய்விடும், இயந்திரம் நனையும். கூடினால் எடையும் அழுத்த இழப்பும் கூடும். செறிவை விருப்பப்படி ஏற்றவும் முடியாது. 90 சதவீதக் கரைசல் சிதையும்போதே வெப்பநிலை 700 டிகிரியைத் தாண்டும். வெள்ளி உருகுவது 961 டிகிரியில்.

இந்தக் கணக்கில் சேராமல், வேண்டாத இடத்தில் வந்து சேரும் வினையூக்கியே ஆபத்தானது. 2000 ஆகஸ்டு 12-இல் ரஷ்யாவின் கூர்ஸ்க் நீர்மூழ்கியில் 118 பேர் இறந்த விபத்துக்கு, டார்பிடோவிலிருந்து கசிந்த அடர் பெராக்சைடு சிதைந்ததே தொடக்கம் என்று விசாரணை முடிவு செய்தது. 1955-இல் பிரிட்டனின் சைடன் நீர்மூழ்கியில் 13 பேர் இறந்ததற்கும் பெராக்சைடு டார்பிடோதான் காரணம். அடர் கரைசலில் உலோகப் பரப்பு கொஞ்சம் பட்டாலே வெப்பம் பிறக்கும், வெப்பம் வேகத்தை ஏற்றும், ஏறிய வேகம் மேலும் வெப்பம் தரும். குடுவையில் நேர்கோட்டை வளைத்த அதே சுழற்சி இங்கே கலனையே வெடிக்க வைக்கிறது.

எனவே பெராக்சைடு தயாரிப்பாளர்களின் முழுக் கவனமும் வினையூக்கியின் அளவைச் சுழியத்தை நோக்கித் தள்ளுவதில் இருக்கிறது. இரும்பு, தாமிரம் போன்றவற்றின் அயனிகள் கடுகளவு இருந்தாலும் அவை செலவாகாமல் மாதக்கணக்கில் வேலை செய்துகொண்டே இருக்கும். அவற்றைக் கட்டிப்போடப் பாஸ்பேட்டுகளையும் ஸ்டானேட்டுகளையும் சேர்க்கிறார்கள். பெரிய கலன்களின் மூடியில் வாயு வெளியேற வழி விட்டிருப்பதும், ஒருமுறை வெளியே ஊற்றியதில் மிச்சத்தைத் திரும்பப் புட்டியில் ஊற்றாதீர்கள் என்று ஆய்வகங்களில் கறாராகச் சொல்வதும் இதற்காகத்தான்.